ஆற்றின் இரு கரையில் ஓர் அந்தியேட்டி

1

ரிச்சர்ட்சனில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாமலே பதினொரு வருடத்தை ஓட்டிவிட்டேன். டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்குப் பின்புறம் இரண்டு அறைகளும் ஒரு பழைய கோப்பி மெஷினும் கொண்ட ஐரோப்பிய ஆய்வு மையம். ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஐரோப்பிய நாடுகள் எப்படி எல்லைகளைத் திறந்து ஒன்றுசேர்ந்தன, அமெரிக்காவுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் மையத்தின் வேலை. இதற்காக ஜெர்மனியில், பிரான்ஸ் எல்லையோரமாக இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு வகுப்பு நடத்துகிறோம். இங்கே பன்னிரண்டு பேர், அங்கே பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு பெரிய திரை.

நான் ஒருங்கிணைப்பாளர். பெயர் பெரிது. படிவங்களைச் சேர்ப்பது, கையெழுத்து இல்லாத படிவங்களைத் திருப்பி அனுப்புவது, மார்ச் மாதத்தில் எல்லோருக்கும் நேரத்தை நினைவூட்டுவது, இவ்வளவுதான். அமெரிக்கா மணிக்கூட்டை முதலில் மாற்றிவிடும், ஐரோப்பா சில வாரம் கழித்து மாற்றும். அந்த இடைவெளியில் ஏழு மணி நேர வித்தியாசம் ஆறாகிவிடும். வருடா வருடம் நான் மூன்று மின்னஞ்சல் போடுவேன். வருடா வருடம் யாராவது ஒரு பேராசிரியர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டு உமா சென்னைக்காரி. ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிக் கேட்டாள்.

"அக்கா, நீங்க யூரோப் டூர் அரேஞ்ச் பண்றீங்களாமே? சம்மருக்கு எங்களுக்கும் ஒரு பேக்கேஜ் பாருங்களேன்."

டூர் இல்லை, வகுப்பு என்று விளக்கினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"டெக்சாஸ்ல உக்காந்துக்கிட்டு அந்த பார்டர் கதையெல்லாம் யாருக்குக்கா வேணும்?"

போன மார்ச் வரை எனக்கும் இதற்கு நல்ல பதில் இருக்கவில்லை. வகுப்பு தொடங்கிப் பத்து வருடம் நிறைந்ததையொட்டி மையத்தின் செய்திமடலுக்கு ஏதாவது எழுது என்று எங்கள் இயக்குநர் ஹெலன் கேட்டார். அதற்கு ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்கள் மூன்று பேர். அண்ணன், ராணி அக்கா, கடைசியாக நான். ஊரில் பிரச்சினை முற்றி யுத்தமான காலத்தில் அண்ணன் ஜெர்மனிக்குப் போனார். அக்கா கலியாணம் முடித்துப் பாரிசுக்குப் போனார். நானும் அம்மாவும் அப்பாவும் கோப்பாயில் இருந்தோம். எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அப்பா நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கொள்ளி வைக்க அண்ணனால் வர முடியவில்லை. சித்தப்பா வைத்தார்.

அம்மாவுக்கு அது பெரிய குறை. முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியையையாவது மூத்த மகன் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தா. வழக்கமாகக் கீரிமலைக் கடலில் செய்கிற காரியம் அது. ஓடுகிற தண்ணீர் எங்கேயிருந்தாலும் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். அண்ணன் இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன ஆறு இருந்தது. இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை பிரான்ஸ். அண்ணனுக்குப் பிரான்சுக்குப் போகப் பேப்பர் இல்லை, அக்காவுக்கு ஜெர்மனிக்குப் போகப் பேப்பர் இல்லை. ஆகவே அக்கா பாரிசிலிருந்து படையலுக்குச் சமைத்துக்கொண்டு ரயிலில் அந்தக் கரைக்கு வருவார், அண்ணன் இந்தக் கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைப்பார், இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதத்திலேயே திட்டம் போட்டார்கள்.

அப்படியே நடந்தது என்று அக்காவின் கடிதம் வந்தது. அம்மா அதை என்னிடம் நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. பிறகு அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து வராது. வீட்டுக் கடிதமெல்லாம் என் கையெழுத்துத்தான்.

எங்கள் குடும்பத்தில் இது ஒரு பெருமைக் கதை. நான் டெக்சாஸுக்கு மணமாகி வந்த பிறகு, இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வில் கூட இதைத்தான் சொன்னேன். ஹெலன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லைகள் திறந்து, இருவருக்கும் பாஸ்போட் கிடைத்து, சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்றான பிறகும் அண்ணனும் அக்காவும் ஒட்டவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் "சுகமோ" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கொழும்பில் அம்மா இறந்தபோது மூன்று பேரும் வந்து சேர்ந்தோம். அப்போது அண்ணன் காரியத்துக்கு உட்கார மாட்டேன் என்றார். "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவின் மகன்தான் உட்கார்ந்தான். அக்கா அண்ணனின் முகத்தையே பார்க்கவில்லை. நானும் கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஜெர்மன்காரனாகிவிட்டீர்கள், சாம்பலைத் தொட அருவருப்பாக்கும் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை போன், வானிலை, சீனி வருத்தம், வைத்துவிடுகிறேன். அவ்வளவுதான் எங்கள் உறவு.

3

என் மகள் நிவேதா எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படிக்கிறாள். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பத்து வயது வரை இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஞாயிறும் காரில் ஒரு யுத்தம். பிறகு நான் தோற்றுப் போனேன்.

போன வருட வகுப்புப் பட்டியலைச் சரிபார்க்கும்போது அதில் அவள் பெயர் இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஈஸி கிரெடிட், அம்மா" என்றாள்.

அந்தத் தவணையில் இங்கேயுள்ள ஒரு மாணவரும் அங்கேயுள்ள ஒரு மாணவரும் சோடியாகச் சேர்ந்து, எல்லைகள் திறப்பதற்கு முன்பு ஐரோப்பாவில் வாழ்ந்த ஒருவரைப் பேட்டி காண வேண்டும். மார்ச் விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் அங்கே ஒரு வாரம் போவார்கள். நிவேதாவின் சோடி யோனாஸ் என்றொரு பையன். யாரைப் பேட்டி காண்பது என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தது என் அண்ணனின் பெயர். மாமா அந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தானே இருக்கிறார் என்றாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்துவிட்டு, ஓய்வு பெறப் போகிற மனுஷன். இவள் அவரை வாழ்நாளில் மூன்று தடவைதான் கண்டிருக்கிறாள்.

பேட்டி கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் மூன்று பெட்டிகள் உண்டு. வகுப்புக்குள் மட்டும், பல்கலைக்கழகக் காப்பகத்துக்கு, எல்லோரும் அறியலாம். அண்ணனின் படிவம் வந்தது. முதல் பெட்டியில் சரி போட்டிருந்தார், பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

4

மென்பொருள் தமிழில் எழுத்தாக்கிய பேட்டியை யாராவது சரிபார்க்க வேண்டும். மையத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் நிவேதா அங்கே போயிருந்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை, கோப்பியோடு மேசையில் உட்கார்ந்து, என் அண்ணனின் வாழ்க்கையை அலுவலக வேலையாக வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் முப்பது நிமிடம் ஒன்றுக்கும் உதவாது. அண்ணன் பேட்டிக்கு ஒரு பைலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், கிராமம், எந்தத் திகதி கொழும்பு, எந்தத் திகதி விமானம், வழியில் எத்தனை பேர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது கேஸ். அகதி மனு விசாரணைக்காக அந்தக் காலத்தில் மனப்பாடம் செய்தது. ஒரு சொல் மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நெட்டுருப் போட்டதை, முப்பத்தைந்து வருடம் கழித்துத் தங்கச்சியின் மகளுக்கு முன்னால் அப்படியே ஒப்புவித்திருக்கிறார். எங்கள் ஆட்களில் யாரைப் பேட்டிக்கு உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும். நான் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

அண்ணன் தேநீர் போட எழுந்து போயிருக்கிறார். பைலைப் பார்க்கலாமா என்று நிவேதா கேட்க, "பாரன் பிள்ளை, அதில ஒண்டுமில்லை" என்றிருக்கிறார். அவள் புரட்டியதில் நீல மையில் எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டது. அதைப் படமெடுத்துப் பேட்டியோடு இணைத்திருந்தாள். அலுவலகத் திரையில் என்னுடைய பதினான்கு வயதுக் கையெழுத்தைப் பார்த்தேன்.

அவளும் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த அதே எழுத்து. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்திருக்கிறாள். எழுத்தாக்கத்தில் அவள் தடுமாறிய இடங்களெல்லாம் புள்ளிகளாக இருந்தன.

"அன்புள்ள மகனுக்கு... நீ அப்பாவின் காரியத்தைக்... குறையில்லாமல் செய்தாய் என்று ராணி எழுதியிருந்தாள். அப்பா உன் கையால் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை."

அதன் கீழே, அம்மாவுக்குத் தெரியாமல் நான் சேர்த்த வரி. அண்ணா, எனக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு எழுத்தாக்கத்தில் அண்ணனின் பேச்சு மாறிவிடுகிறது. கேஸ் இல்லை. திகதி இல்லை. அப்படியே தருகிறேன்.

"நான் செய்யேல்லை பிள்ளை. நான் ஆத்துக்குப் போகவே இல்லை. அகதிக்கு மனு போட்ட ஆக்கள் அந்த மாவட்டத்தை விட்டு வெளியில போகக்கூடாது. நான் போனன். பஸ்ஸில பொலிஸ் ஏறிப் பேப்பர் கேட்டாங்கள். இறக்கிக் கொண்டுபோய்ப் பின்னேரம் வரைக்கும் இருத்தி வைச்சாங்கள். எள்ளு என்ர பொக்கற்றுக்கை கிடந்தது. கொட்டிப் பாத்திட்டு இது என்ன எண்டு கேட்டாங்கள். எனக்கு அவங்கட பாஷையில சொல்லத் தெரியேல்லை."

"ஏன் ராணிப் பெரியம்மாவுக்குச் சொல்லேல்லை?" என்று நிவேதா கேட்கிறாள். தமிழில்.

"அவளுக்குச் சொல்லி, மூத்த பிள்ளையைப் பொலிஸ் பிடிச்சு வைச்சது எண்டு அம்மாவின்ர காதுக்குப் போனால்? வரமுடியாமல் போச்சு எண்டு மட்டும் ராணிக்கு எழுதிவிட்டன். பிறகு இந்தக் கடிதம் வந்தது. ராணி என்னைக் காப்பாத்த அம்மாவுக்குப் பொய் எழுதியிருக்கிறாள் எண்டு விளங்கிச்சுது. அப்பாவுக்கு ஒருத்தரும் செய்யேல்லை. அம்மா எனக்கு நன்றி சொல்லுறா. இந்தக் கடிதத்தை வாங்கின கையாலை நான் எப்படிப் பிள்ளை அம்மாவின்ர காரியத்துக்கு இருக்கிறது?"

கோப்பி ஆறிப்போய்விட்டது. ஹெலன் கதவடியில் வந்து ஏதோ படிவம் கேட்டார். கொழும்பில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதுக்குள் கேட்டது. அவரை முப்பது வருடத்துக்கு மேல் வாட்டிய கடிதம் என் கையெழுத்தில் இருந்தது. அவர் எனக்கு அனுப்பிய கைக்கடிகாரம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

5

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் முதல் பெட்டி. வகுப்புக்குள் மட்டும். அந்தப் படிவத்தை வடிவமைத்தவளே நான்தான். மீறினால் வேலை போகும் என்பதை விடுங்கள், அண்ணனின் பேனை தாளைக் கிழித்திருந்தது. அதை எப்படி மீறுவது?

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். வானிலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"வாசிச்சிட்டியோ?"

"ஓம் அண்ணா. கொழும்பில நான் கதைச்சது பிழை. என்னை மன்னிச்சிடுங்கோ."

"நீ அப்ப சின்னப் பிள்ளை."

"எனக்கு அப்ப நாப்பது வயசு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம். அக்காவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவ அந்தக் கரையில படையலோட நிண்டிருப்பா. ஆளைக் காணேல்லை எண்டு திரும்பிப் போயிருப்பா. இப்ப போய்க் காரணம் சொன்னால் சாட்டுச் சொல்லுற மாதிரி இருக்கும். விடு."

ஆனால் நிவேதா விடவில்லை. என்னைக் கேட்காமல் மாமாவையே நேரே கேட்டிருக்கிறாள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரைப் பேட்டி காண வேண்டும், பெரியம்மாவைக் கூப்பிடட்டுமா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வந்து நின்றால் போதும். அண்ணன் "கேட்டுப் பார். வரமாட்டா" என்றாராம். நல்ல தடிமனான உடுப்புப் போட்டுக்கொண்டு வரச் சொல், ஆற்றங்கரையில் காற்று குளிராக இருக்கும் என்றும் சொன்னாராம்.

6

இப்போது அந்த ஆற்றுக்குக் குறுக்கே நடந்து போகிற பாலம் ஒன்று இருக்கிறது. காவல் இல்லை, அறிவிப்புப் பலகை கூட இல்லை. சைக்கிளில் பாண் வாங்கப் போகிறவர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வருகிறார்கள். எங்கள் மாணவர்கள் வருடா வருடம் அங்கே நின்று படமெடுப்பார்கள். ஐரோப்பா ஒன்றானதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை என்று ஹெலன் பாடத்தில் சொல்வார்.

அங்கே பிற்பகல் மூன்று மணி, இங்கே காலை ஒன்பது. ஆறு மணி நேர வித்தியாசமுள்ள வாரம். நான் எட்டரைக்கே திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பு இல்லை, நிவேதாவின் போன் மட்டும்தான். ஹெலனும் வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று அது குறையாகத் தெரியவில்லை.

பாலத்தின் நடுவில் அண்ணன் நின்றார். கக்கத்தில் பைல். பிரான்ஸ் பக்கத்திலிருந்து அக்கா மெதுவாக வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு துணிப்பை. நாலடி தூரத்தில் நின்றுவிட்டார்.

"சுகமோ?"

"சுகம்."

அவ்வளவுதான். என் மகள் படத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிடாதே என்று அவளுக்கும், திறவுங்கள் என்று அண்ணனுக்கும் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பைலைத் திறந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து நீட்டினார். மஞ்சளாகிப் போன பொலிஸ் துண்டு. அக்கா வாங்கிப் பார்த்தார். அது ஜெர்மன். அக்காவுக்குப் பிரெஞ்சுதான் வரும். நிவேதாவுக்கு இரண்டும் வராது. யோனாஸ் வாங்கி ஆங்கிலத்தில் வாசித்தான். திகதி, நேரம், அனுமதியின்றி மாவட்டத்தை விட்டு வெளியேறியது, வைத்திருந்த பொருட்கள். அவன் வாசிக்க வாசிக்க நிவேதா தமிழில் சொன்னாள்.

"பெரியம்மா, மாமா வந்தவர். பஸ்ஸில வந்தவர். பொலிஸ் விடேல்ல. அவற்ற பொக்கற்றில எள்ளு இருந்தது எண்டு இதில எழுதியிருக்கு."

ஊரில் நாங்கள் சொல்லாத ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கலக்கவில்லை. காரில் நடந்த அத்தனை யுத்தத்துக்கும் அந்த நாலு வசனம் போதும்.

அக்கா துண்டை மடித்தார். திரும்ப விரித்தார்.

"அண்ணை, இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கம்."

"நான் ரெண்டு மணி வரைக்கும் நிண்டனான். சோறு காய்ஞ்சு போச்சு. ஐயர் சொன்ன நேரமும் போகுது. பிறகு நான்தான் இறங்கினனான்."

"எங்க இறங்கினனீ?"

"ஆத்துக்கைதான். வேறெங்க? எள்ளும் தண்ணியும் நான்தான் இறைச்சனான். மந்திரம் தெரியாது. அப்பா, இது அண்ணை தாறது எண்டு சொல்லித்தான் இறைச்சனான். பொம்பிளைப் பிள்ளை செய்தது எண்டு அம்மா அறிஞ்சால் தாங்கமாட்டா எண்டு, நீங்கள் செய்ததெண்டு எழுதினனான். அதுக்குப் பிறகு ஒரு சொல்லாவது கேப்பீங்கள் எண்டு பாத்தன். நீங்கள் கேக்கேல்லை. எனக்குக் கோபம்."

அண்ணன் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் அப்பாவுக்குச் செய்யப்பட்டிருக்கிறது. முப்பத்தைந்து வருடமாகச் செய்யப்படவில்லை என்று அவர் சுமந்தது, அன்றே செய்யப்பட்டிருந்தது. அவர் அழுதது படத்தில் சரியாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த நேரம் நிவேதா போனைக் கீழே இறக்கிவிட்டாள். பாலத்தின் பலகைகளும் மூன்று சோடிச் சப்பாத்துகளும்தான் தெரிந்தன. பிறகு அக்காவின் சப்பாத்து அண்ணனின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஹெலன் டிஷ்யூக் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

துணிப்பைக்குள் இருந்தது இடியப்பமும் சொதியும். பாலத்துக் கம்பியில் வைத்துச் சாப்பிட்டார்களாம். யோனாஸுக்கு மிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை.

7

நிவேதா அந்த வகுப்பில் நல்ல புள்ளி எடுத்தாள். இப்போதும் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். ஆனால் சனிக்கிழமைகளில் மாமாவுக்குப் போன் எடுத்து அவள் தமிழ் கதைப்பது சுவருக்கு அந்தப் பக்கத்தில் கேட்கிறது. நான் கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். தலையைக் காட்டினால் கெட்டுவிடும்.

உமாவுக்கு ஒருநாள் வேலியடியில் நின்று முழுக் கதையும் சொன்னேன். அது அண்ணனின் புதிய படிவம் வந்த பிறகுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அந்தப் பாலத்துக்கு டூர் போட்டீங்கன்னா சொல்லுங்க, நான் வர்றேன்" என்றாள்.

புதிய படிவத்தைச் சொல்லவில்லையே. ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டிருந்தேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே அதே ஒப்புதல் படிவம். இந்த முறை மூன்றாவது பெட்டியில் சரி போட்டிருந்தார். எல்லோரும் அறியலாம். குறிப்புகளுக்கு என்று விட்டிருந்த வெற்றிடத்தில் தமிழில் எழுதியிருந்தார்.

"என்னைப் பற்றி எப்படியும் எழுது. ஆனால் செய்தது யார் என்று ஊர் அறிய எழுது."

அதற்காகத்தான் இவ்வளவும். கோப்பாயில் எங்களைத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தால், இதை வாசித்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தியேட்டி செய்தது ராணி அக்கா.